தினம் ரெண்டு லோடு சீனா

எங்கள் எதிர்வீட்டுப் பெண் டாக்டருக்குப் படிக்கச் சீனாவுக்குப் போகிறாள் என்று தெருமுனையில் டிஜிட்டல் பேனர் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் அவள் படம், இன்னொரு பக்கம் ஏரோப்ளேன் படம். நடுவில், 'சீன மண்ணில் கால் பதிக்கும் எங்கள் தெருவின் முதல் மகளே, வென்று வா' என்று எழுதியிருந்தது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள் என்றாலும் எழுத்தைக் கண்டால் நின்று படிக்காமல் போகமாட்டேன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

முதல் மகள் அவள் இல்லை. எங்கள் தெருவிலிருந்து சீனா மண்ணில் முதலில் கால் வைத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. லாரியில் போனேன். அன்றைக்கே மத்தியானம் திரும்பி வந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை புதிதாகத் தலையெடுத்த நேரம் அது. என் அப்பா மண் கரைக்கிற இடத்தில் வேலை செய்தார். தொட்டியில் வெள்ளை மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கி, கல்லும் கசடும் போகச் சலித்துக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், கால்விரல் இடுக்கு எல்லாம் வெளுத்திருக்கும். அந்த மண்ணுக்குச் சீனா மண்ணு என்று பேர். யார் வைத்த பேரோ, மேஸ்திரியிலிருந்து கூலி ஆள் வரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 'சீனா மண்ணு வந்துடுச்சா?', 'இந்தத் தடவ சீனா மண்ணுல கல்லு ஜாஸ்தி' என்பார்கள். அது சீனாவிலிருந்துதான் வருகிறது என்று நான் நினைத்ததில் என்ன தப்பு? சேலத்து மாம்பழம் சேலத்திலிருந்துதானே வருகிறது?

அந்த வருஷம் பார்த்துச் சீனாவோடு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். எங்கள் அஞ்சாம் வகுப்பு சார் நல்லவர், ஆனால் கோபம் வந்தால் மேஜை தாங்காது. ஒருநாள் அப்படித்தான் மேஜையில் ஓங்கி அடித்து, "சீனாக்காரன் நம்ம மண்ணை எடுத்துக்கிட்டான்டா!" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் என் உயிர்த்தோழி. புளியங்காயைக்கூடப் பாதி கடித்துப் பாதி கொடுப்பாள். அவள் எழுந்து நின்றாள். "சார், இவங்க அப்பா சீனா மண்ணுலதான் சார் வேலை செய்யறாரு!"

சார் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் மணி அடித்துவிட்டது.

அதோடு முடிந்தது என் மானம். 'சீனாக்காரன் மவ' என்று பேர் வைத்தார்கள். நான் போகிற வழியில் கண்களை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார்கள். தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால் தம்ளரை எடுத்து ஒளித்தார்கள். சீனாக்காரன் மூன்றடிதான் இருப்பானாம், பல்லியைப் பச்சையாகத் தின்பானாம், பிள்ளைகளைக் கண்டால் சாக்கில் போட்டுக் கட்டிவிடுவானாம். அதையெல்லாம் எங்கள் அப்பா தினமும் பார்க்கிறாராம். தோழி சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டுவிட்டாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் ஏது? பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று நான் சொல்வது எனக்கே கேட்காது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று எத்தனையோ நாள் எழுதியிருக்கிறார் சார்.

வயிற்றுவலி என்று இரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அம்மா, "படிப்பு புடிக்கலேன்னா நின்னுக்க. தம்பிக்குத் தொட்டில் ஆட்ட ஆளாச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படிப்பின் மேல் எனக்கு ஆசை. தெருவில் என்னைப்போல இரண்டு பேருக்கு அப்படித்தான் தொட்டிலோடு படிப்பு போயிருந்தது.

அன்றைக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அப்பா வேலை செய்கிற இடத்துக்கு மண் கொண்டுவருகிற லாரி அவர் ஓட்டுவதுதான். நான் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, சீனா மண்ணு எங்கேருந்து வருது?"

அவர் முகத்தில் சிரிப்பே வரவில்லை. அதுதான் அவர் வித்தை. "சீனாவுலேருந்துதான். பின்ன திட்டக்குடியிலேருந்தா வரும்?"

"தூரமா?"

"காலையில கஞ்சி குடிச்சிட்டுப் போனா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்."

"உங்களைச் சுட மாட்டாங்களா?"

"எதுக்குச் சுடறாங்க? தெனம் ரெண்டு லோடு எடுத்துட்டு வரேன். ஏன்டான்னு ஒருத்தன் கேட்டதில்ல."

என் கதையைக் கேட்டார். கேட்டு முடித்து, பீடியைக் காலில் நசுக்கிவிட்டு, "நாளைக்கு வா. நீயே வந்து பாரு" என்றார். மறுநாள் அம்மாவிடம், "இவளப் பள்ளிக்கூடத்துல வுட்டுட்டுப் போறேங்கா" என்றார். விட்டார்தான், மத்தியானத்துக்கு மேல்.

லாரியில் முன்னால் உட்கார்ந்தால் ஊரே கீழே தெரிந்தது. ரயில்வே கேட்டு மூடியிருந்தது. "இதான் எல்லை" என்றார் மாமா. "இதுக்கு அந்தாண்ட சீனா." நான் சீட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டேன். ரயில் போனதும் கேட்டுக்காரர் கதவைத் திறந்து, மாமாவைப் பார்த்துச் சலாம் வைத்தார். எல்லைக் காவல்காரனே சலாம் வைக்கிறானே என்று எனக்கு மாமாமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனபின் எழுந்து பலகைகளைப் படித்தேன். "மாமா, மந்தாரக்குப்பம்னு போட்டுருக்குது."

"ஆமாம். சீனாவுல அது ஒரு வூரு."

"தமிழ்ல எழுதியிருக்கு?"

"நாம வர்றோம்ல. நமக்குப் புரிய வேணாமா?"

அடுத்த கல்லில் நெய்வேலி என்று இருந்தது. "இதான் சீனாவோட தலைநகரம்" என்றார் மாமா. புத்தகத்தில் வேறு பேர் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். "அது பழைய பேரு" என்றார்.

பிறகு அந்தக் குழியைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில், கோபுரத்தோடு உள்ளே போய்விடும்போல அவ்வளவு ஆழம். அடியில் எறும்புபோல ஆட்கள். வீடு உயரத்துக்கு ஒரு மிஷின் தலையை ஆட்டி ஆட்டி மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தது. கருப்பு மண், செம்மண், மஞ்சள் மண், நடுவில் பால்போல வெள்ளை வெளேரென்று சீனா மண்ணு. பெண்கள் அதைக் கூடையில் அள்ளி எங்கள் லாரியில் கொட்டினார்கள்.

சீனாக்காரிகளை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். சேலை கட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் இருந்தது. கண்ணை உற்று உற்றுப் பார்த்தேன், எங்கள் சித்தி கண் மாதிரிதான் இருந்தது. ஒருத்தி, புருஷன் கூலியைக் குடித்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே கொட்டினாள். இன்னொருத்தி, "புள்ளைக்கு வெயிலு அடிக்குது, நெழல்ல நில்லு கண்ணு" என்று என்னை நகர்த்திவிட்டாள். சாக்கை யாரும் எடுக்கவில்லை.

மாமா என்னைப் பக்கத்திலிருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கடையில் ஒரு அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்ம பொண்ணு. சீனாவப் பாக்கணும்னு வந்துருக்குது."

அந்த அம்மா மாமா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். ஒரு வடையை எடுத்துக் காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். "எப்பிடி இருக்குது பொண்ணு எங்க சீனா?"

"எங்க ஊரு மாதிரியேதான் இருக்குது" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"வேற எப்பிடி இருக்கும்னு நெனச்ச?" என்றார். நான் வடையைக் கடித்துக்கொண்டேன். பல்லி விஷயத்தை எப்படிச் சொல்வது?

வெளியே வரும்போது தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் எதிரே வந்தார். மூக்கு தக்காளிபோலச் சிவந்து தோல் உரிந்திருந்தது. "அவன் ஜெர்மன்காரன், மிஷினு பாக்க வந்தவன்" என்று மாமா காதில் சொன்னார். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்து, கழுத்தில் தொங்கிய பெட்டியைத் தூக்கிப் படம் பிடித்தார். கூடையிலிருந்து பறந்த மண்ணால் உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளையாக இருந்தேன் நான். அவர் நாட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், இந்தியாவில் பிள்ளைகள் எல்லாம் சுண்ணாம்புச் சுவர்போல இருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ என்னவோ.

பள்ளிக்கூட வாசலில் மாமா என்னை இறக்கிவிட்டபோது மத்தியான வகுப்பு தொடங்கியிருந்தது. என் பாவாடை மடியில் தேங்காய் அளவுக்கு ஒரு மண்கட்டி. வாசற்படியில் நின்றேன். வகுப்பு என்னைப் பார்த்து ஓவென்று சிரித்தது.

"எங்க போயிட்டு வரே, இந்தக் கோலத்துல?" என்றார் சார்.

"சீனாவுக்கு சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாருக்கு முகம் சிவந்தது. "சீனாக்காரன் நம்ம மண்ணை எடுத்துக்கிட்டு உட்காந்திருக்கான். உனக்கு வெளயாட்டா?"

எனக்குள்ளே என்ன புகுந்ததோ தெரியவில்லை. மடியிலிருந்த கட்டியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அது இரண்டாகப் பிளந்து வெள்ளையாகச் சிதறியது.

"அவன் நம்ம மண்ணை எடுத்தா எடுத்துட்டுப் போறான் சார்! எங்க மாமா தெனம் ரெண்டு லோடு அவன் மண்ணை எடுத்துட்டு வர்றாரு! எங்க அப்பா அதத் தண்ணியில கரைக்கிறாரு! ஜாடி செஞ்சு நெருப்புல போட்டுச் சுடறாங்க! நாம அதுல ஊறுகா போட்டு வெச்சிருக்கோம்!"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து நாலாம் வகுப்பிலும் சத்தம் நின்று போயிருந்தது.

சார் அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். "எந்த வழியாப் போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரயில்வே கேட்டு தாண்டி, மந்தாரக்குப்பம் வழியா சார்."

சார் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நாட்டை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது கண்ணெல்லாம் ஈரம். "எல்லாரும் எழுந்து கை தட்டுங்கடா" என்றார்.

தட்டினார்கள். நாலாம் வகுப்பும் சேர்ந்து தட்டியது. பிறகு ஒவ்வொருவராக வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் நக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணு ருசிதான்டா" என்றான். சீனாக்காரன் சண்டைக்கு வருவானா என்று என்னைத்தான் கேட்டார்கள். "அவங்களுக்கு வேலை ஜாஸ்தி. அந்த ஊர் அம்மா எனக்கு வடை குடுத்தாங்க" என்றேன். தோழி பக்கத்தில் வந்து இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டாள். உடனே நீட்டாமல் கொஞ்சம் காக்கவைத்துத்தான் நானும் நீட்டினேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டியிருந்தது.

சேதி அப்பா காதுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. அடிப்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் அம்மாவிடம், "தொட்டிலை நீயே ஆட்டிக்க. அவ அஞ்சாவது முடிக்கட்டும்" என்றார். அதன் பிறகு மாமாவின் லாரி உள்ளே நுழையும்போதெல்லாம் மண் கரைக்கிறவர்கள், "சீனாவுல இன்னிக்கு எம்மாந்தூரம் புடிச்சீங்க?" என்று கேட்பார்களாம். "இன்னும் ஒரு மாசம், சீனா முடிஞ்சுது" என்பாராம் மாமா. அது எந்த ஊர் என்று எனக்குத் தானாகவே தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. யாரும் திருத்தவில்லை. நானும் யாரையும் திருத்தவில்லை.

எதிர்வீட்டுப் பெண் கிளம்புகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ள வந்தாள். தெருவே கூடி அவளைக் கலங்கடித்திருந்தது. "பாம்புக் கொழம்புதான் வெப்பாங்களாமே பெரியம்மா?" என்றாள்.

"போயிட்டு வா. நம்ம ஊரு மாதிரிதான் இருக்கும்."

"என்னமோ பாத்த மாதிரி சொல்றீங்க?"

"பாத்தேன்" என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் அம்மா செல்போனை என் காதில் வைத்தார். "பெரியம்மா, நீங்க சொன்னது சரிதான். ஆனா இங்க பொண்ணுங்க என்னை என்ன கேக்கறாங்க தெரியுமா? உங்க ஊர்ல எல்லாரும் யானை மேலதான் காலேஜுக்குப் போவீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாம், எங்க வூட்ல ரெண்டு நிக்குதுன்னு சொல்லிட்டேன்."

செத்துப்போன என் மாமாவே பேசுவதுபோல இருந்தது.

சீனாவுக்குப் போய்வந்த அன்றைக்கு வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வடை கொடுத்த அந்த அம்மா, கரண்டியைக் குழிப் பக்கம் நீட்டி, "அதோ அந்த மிஷினு நிக்குதே தம்பி, அதுக்கு நேர் கீழதான் எங்க வூடு இருந்துச்சு. முருங்க மரம், கெணறு எல்லாம்" என்றார். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மாமா, ஆறிப்போன டீயைத் திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். சீனாவில் வீட்டைக் குழிக்குள்ளேதான் கட்டுவார்கள் போலிருக்கிறது, மழை வந்தால் என்ன செய்வார்களோ என்று நினைத்துக்கொண்டே வடையைத் தின்று முடித்தேன்.