வளைவில் நின்ற பேருந்து

பேரிடர் தன்னார்வலர்களுக்கென்று எங்களுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டைகள் எல்லாமே ஆண்கள் அளவில் இருந்தன. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் நான், என்னுடையதையும் குழுவில் இருந்த மற்றப் பெண்களுடையதையும் பிரித்து, தோளைக் குறைத்துத் தைத்தேன். "இன்னாம்மா, ரவிக்கை தைக்கறத வுட்டுட்டு ஃபயர் சர்வீஸுக்குப் போறியா?" என்று சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

பயிற்சிக்குப் போளூருக்கு இறங்கிப் போனோம். கயிறு கட்டவும், இரண்டு மூங்கிலையும் ஒரு போர்வையையும் வைத்துத் தூக்குப்படுக்கை செய்யவும், மண் சரியப்போவதை முன்கூட்டியே கண்டுகொள்ளவும் தீயணைப்புத் துறையினர் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய நிலைய அலுவலர் அதிகம் பேசாதவர். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நாங்க சைரன் போட்டுக்கிட்டு கெளம்பினாலும் மலை ஏறி வர நேரம் ஆகும். அதுவரைக்கும் அங்க இருக்கப்போறது நீங்கதான். வீரம் காட்ட வேணாம். பாருங்க, எங்களுக்குச் சொல்லுங்க, சேர்ந்து முடிவு பண்ணுவோம்."

அந்தக் கார்த்திகையில் புயல் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை கிராம நிர்வாக அலுவலர் போன் செய்தார். போளூரிலிருந்து ஏறி வந்த முதல் பேருந்துக்கு முன்னால் மண் சரிந்து சாலையை மூடிவிட்டது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் பின்னாலும் சரிந்துவிட்டதாம். "ஃபயர் வண்டி கீழேருந்து கெளம்பிடுச்சு. மேலேருந்து நீங்க போய்ப் பார்க்க முடியுமாம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் பதற்றம் இருந்தது.

கடையைப் பூட்டினேன். என்னோடு பயிற்சி எடுத்த அங்கன்வாடி அக்காவும், ஷேர் ஜீப் ஓட்டும் அண்ணனும் சேர்ந்துகொண்டார்கள். சரிவு வரைக்கும் ஜீப்பில் போனோம். அதற்கப்புறம் சாலையே இல்லை. புளியந்தோப்பு வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. சுற்றுவழிதான், ஆனால் சரிவைத் தொடாமல் பேருந்து நின்ற வளைவுக்குப் போய்விடலாம். வழுக்கி வழுக்கி இறங்கினோம்.

பேருந்தில் ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டுக் கதகதப்பாக உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைக் கண்டதும் கைதட்டினார்கள். நான் உள்ளே ஏறாமல் மலைப்பக்கத்தைப் பார்த்தேன். மேட்டில் இருந்த மரங்கள் சாலையை நோக்கிச் சாய்ந்திருந்தன. வழிந்த தண்ணீர் செம்மண் குழம்பாக வந்தது. சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்து பின்சக்கரத்தில் முட்டி நின்றன. பயிற்சியில் படமாகப் பார்த்ததெல்லாம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

நிலைய அலுவலரை அழைத்தேன். "சார், மரம் சாஞ்சு நிக்குது. தண்ணி கலங்கலா வருது. கல்லு உருளுது."

அவர் யோசிக்கக்கூட இல்லை. "எல்லாரையும் எறக்குங்கம்மா. நீங்க வந்த வழியிலயே மேல கூட்டிட்டுப் போங்க. எங்களுக்காகக் காத்திருக்க வேணாம்."

ஆனால் யாரும் இறங்கத் தயாராக இல்லை. "கவர்மெண்ட் வண்டிம்மா. இத வுட்டுட்டு நாங்க எப்படி வர்றது? நாளைக்கு மெமோ குடுப்பாங்க" என்றார் நடத்துநர். ஓட்டுநரும் தலையாட்டினார். கடைசி சீட்டில், போளூரில் வாங்கிய இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு நெல்லிவாசல்நாடு என்ற மலையூர்க்காரம்மா ஒருவர் இருந்தார். "இந்த மழையில நனைஞ்சா இதுங்க செத்துப்பூடும். நான் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனை ஸ்பீக்கரில் போட்டு நடத்துநரிடம் நீட்டினேன். நிலைய அலுவலரின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது. "அந்தம்மா எங்க ஆளு. அவங்க சொல்றது நான் சொல்ற மாதிரி. வண்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க ஆளுங்கள எறக்குங்க."

நடத்துநர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நான் ஆட்டுக்குட்டிக்காரம்மாவிடம் போய்க் குனிந்தேன். "ஒண்ண எங்கிட்ட குடும்மா. சட்டைக்குள்ள வெச்சுக்கறேன், நனையாது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ தையக் கடைக்காரிதானே? எம் மருமவளுக்கு ரவிக்கை தெச்சவ?"

"நானேதான்."

"அப்ப சரி" என்று குட்டியைக் கொடுத்தார்.

ஜீப் அண்ணன் பாதை நெடுக மரத்துக்கு மரம் கயிறு கட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். ஒருவருக்கு மூச்சு இரைப்பு, நடக்க முடியவில்லை. ஜீப்பிலிருந்து எடுத்து வந்த போர்வையையும் வழியில் வெட்டிய மூங்கிலையும் வைத்து அவரைத் தூக்கினோம். நடத்துநரும் ஓட்டுநரும் பின்பக்கம் பிடித்தார்கள். அங்கன்வாடி அக்கா கடைசியாக வந்தார். யாரும் பின்தங்கிவிடாமல், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றிக்கொண்டே வந்தார்.

மேலே இருந்த சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தோம். ஊர்க்காரர்கள் சாமைக் கஞ்சி கொண்டுவந்தார்கள். பாதிப் பேர் குடித்து முடிப்பதற்குள் மலை உறுமியது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். வளைவில் நின்ற பேருந்தின் பின்பாதி மண்ணுக்குள் இருந்தது. நடத்துநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெல்லிவாசல்நாட்டுக்காரம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை.

உச்சிவேளைக்குத் தீயணைப்பு வீரர்கள் கீழ்ச் சரிவைக் கால்நடையாகத் தாண்டி, முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். நிலைய அலுவலர் மூச்சு வாங்கியபடி நேராக என்னிடம் வந்தார். "சொல்லுங்க, இன்னா நிலவரம்?"

யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு முடியவில்லை, எந்தப் பக்கம் இன்னும் மண் இறங்குகிறது என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல், தன் துறையின் ஆள் ஒருவர் சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டார். அந்த நிமிடம் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவர்களிடம் ஆக்சிஜன் இருந்தது. எங்களுக்கு வழி தெரிந்திருந்தது. மூச்சு இரைப்புக்காரரை நல்ல ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, வளைவுக்கு வெகுதூரம் தள்ளி இறங்கும் விறகு சுமப்பவர்களின் பாதை வழியாகச் சேர்ந்தே தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே நின்ற ஆம்புலன்ஸில் இருந்தவர் எங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு, "இவங்க எந்த ஸ்டேஷன் சார்?" என்று கேட்டார். "மலை மேல இருக்கற எங்க டீம்" என்றார் நிலைய அலுவலர். அங்கன்வாடி அக்கா என்னைப் பார்த்தார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூச்சு இரைப்புக்காரர் பிழைத்து வீடு திரும்பினார். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன், வருவாய்த் துறை, மின்வாரியம், காவல் துறை, தீயணைப்புத் துறை எல்லாம் சேர்ந்து நடத்திய கூட்டத்துக்கு எங்களையும் அழைத்தார்கள். எந்தெந்த வளைவுகளில் கண் வைக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். இந்த வருடம் மழை வலுத்தபோது, பேருந்தை அடிவாரத்திலேயே நிறுத்தலாமா என்று அதிகாரிகளே போன் செய்து எங்களைக் கேட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு, நிறுத்துங்கள் என்றோம். நிறுத்தினார்கள்.