மரகதத்தின் தங்கச்சி பிள்ளைகள்

மரகதக்கா என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தால் மற்றவர்களைப் போல வெளியே பெஞ்சில் உட்கார மாட்டார். உள்ளே வந்து மெஷினை ஒட்டி நிற்பார். கண்ணாடி மேல் வைத்த பத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். எல்லாம் முடிந்து கையில் கொடுத்த பிறகும், "உள்ள ஒண்ணு தங்கிக்கினு இருக்காதா ரத்தினம்?" என்று கேட்பார். நான் மூடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் கடை போட்ட நாளிலிருந்து காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. இந்தப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த காலத்தில், ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி ஒரு புரோக்கர் அவருடைய அப்பாவிடம் கைநாட்டு வாங்கினான். கிணற்றோடு இருந்த நிலம் அந்தப் புரோக்கரின் மச்சான் பேருக்குப் போய்விட்டது. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. மார்க்கெட்டுக்குப் போக வர மரகதக்கா அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். அப்படி நடக்கிற மனுஷி யாரை நம்புவார்?

மிச்சம் இருந்தது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மனை. புருஷன் போன பிறகு அதில் வரிசையாக எட்டு அறை கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வருகிற பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். பிள்ளை குட்டி இல்லை. அந்த அறைகள்தான் அவருக்குச் சோறு, மாத்திரை, வயதான காலம் எல்லாம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் முன்னால் இங்கே யாரும் வாடகைக்காரன் கிடையாது. வாடகை என்றால் கரண்ட் ரேட்டும் வரியும் கூடும் என்று வீட்டு மீட்டரிலிருந்தே எல்லா அறைக்கும் லைன் இழுத்திருப்போம். கரண்ட்காரர் கேட்டாலும், வரி கேட்டு வந்தாலும், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கேட்டாலும், "சொந்தக்காரப் பையன் சார், வேலைக்கு வந்திருக்கான்" என்பதுதான் பதில். அதனால் எங்கள் தெருவுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. பொங்கல் வந்தால் அத்தனை சொந்தமும் மூட்டை கட்டிக்கொண்டு தென்மாவட்ட பஸ் ஏறிவிடும், நாங்கள் மட்டும் பொங்கல் வைப்போம்.

மரகதக்கா இதிலும் ஒரு படி மேலே. ஒப்பந்தம் எழுத மாட்டார், எழுதினால் ஒருநாள் எவன் கையிலாவது சிக்கும். போனில் வாடகை அனுப்பக் கூடாது, அது போனிலேயே நிற்கும். ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. புதுப் பையன் பெட்டியோடு வந்து இறங்கினால் முதல் பாடமே இதுதான்: நீ என் தங்கச்சி பிள்ளை, நான் உனக்குப் பெரியம்மா. மரகதக்காவுக்குத் தங்கச்சியே கிடையாது.

அப்புறம் மெட்ரோ வந்தது. வந்தது என்றால் ரயில் இல்லை, ரயிலைப் பற்றிய பேச்சு. முதலில் முக்காலி மேல் கருவி வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு இயந்திரத்தை நிறுத்திப் பூமியைத் துளைத்து, குழாய் குழாயாக மண்ணை எடுத்து மரப்பெட்டியில் அடுக்கினார்கள். மரகதக்கா அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாள் முழுக்கப் பார்த்தார். அடியில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தோண்டிக் கேட்கிறவர்கள், மேலே இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று என்னிடம் வந்து சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

ஆனால் கேட்கவும் வந்தார்கள். படப்பையிலிருந்து ஷாரோன் என்று ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் விவரம் பதிகிற டேப்லெட். பாதை போகிற வழியில் யார் யார் இருக்கிறார்கள், எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனியில் வேலை. மனையும் கட்டடமும் போனால் அதற்குப் பணம் உண்டு; வாடகையை நம்பி வாழ்கிறவர் என்று பதிவானால் அந்தப் பிழைப்புக்குப் பதிலாக மாற்று இடமும் உண்டு; குடியிருக்கிறவர்களுக்கும் இடம் மாற உதவி உண்டு. இதையெல்லாம் அந்தப் பெண் வீடு வீடாகப் பொறுமையாகச் சொன்னது. மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் சொன்னது.

மறைக்காமல் சொல் என்று எவனாவது சொன்னால் எங்கள் தெருவில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். எதிர் வரிசை டில்லிபாபு ஒருவன்தான் குடித்திருந்த தைரியத்தில் வாடகை என்று உள்ளதைச் சொன்னான். மரகதக்கா வாசலில் நின்று, எல்லோரும் தங்கச்சி பிள்ளைகள் என்று முடித்துவிட்டார். ஷாரோன் அறை அறையாகப் போய்க் கேட்டது. ஒருவன் சாத்தூர், ஒருவன் பரமக்குடி, ஒருவன் களக்காடு. ஒரே தங்கச்சிக்கு இத்தனை ஜில்லாவிலா பிள்ளைகள் என்று அது சிரித்ததாம். சிரித்தாலும் சொன்னதைத்தானே பதிய முடியும்? பதிந்துகொண்டு போனது.

களக்காட்டுக்காரன் பெயர் அருள்பாண்டி. கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். மூலை அறை. வெளியாள் இல்லாதபோதும் அவன் மட்டும் பெரியம்மா என்றே கூப்பிடுவான். சிலிண்டரைத் தூக்கி வைப்பான், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவான். நல்ல பையன் என்று நான் சொன்னால் மரகதக்காவுக்கு முகம் சுருங்கும். கேட்காமல் உதவி செய்கிறவன் எதற்கோ அடி போடுகிறான் என்பார்.

அந்த அருள்பாண்டியைத்தான் ஒருநாள் டீக்கடையில் ஷாரோனோடு பார்த்தார். அந்தப் பெண் டேப்லெட்டைக் காட்டி ஏதோ பேச, இவன் தலையைத் தலையை ஆட்டினானாம். மரகதக்கா நேராக என் கடைக்கு வந்தார், ஜெராக்ஸ் எடுக்கக்கூட ஒன்றும் இல்லாமல்.

"எட்டு அறையில இவன மட்டும் இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு தனியா கூப்ட்டுப் பேசணும்? எனுக்கு வர வேண்டியத தன் பேர்ல எய்திக்கப் பாக்குறான். எங்கப்பாவுக்கு நடந்ததே எனுக்கும் நடக்குது."

வயசுப் பையன், வயசுப் பெண், வேறு ஏதாவது பேசியிருப்பார்கள் என்றேன். அதற்கும் ஒரு முறைப்பு. அன்றிலிருந்து அவன் பெரியம்மா என்று கூப்பிட்டால் அவர் காது கேட்காதவர் ஆனார்.

சில மாதம் கழித்துக் கணக்கெடுப்பின் முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். மெட்ரோ ஸ்டேஷனின் படிக்கட்டு வந்து இறங்குகிற இடம் மரகதக்காவின் மனை. டில்லிபாபுவின் பக்கத்திலும் கொஞ்சம் போகிறது, ஆனால் அவன் பெயருக்கு எதிரே வாடகைப் பிழைப்பு என்று இருந்தது. மரகதக்கா பெயருக்கு எதிரே குடியிருப்பு, உறவினர்களுடன். டில்லிபாபு யாருக்கோ பணம் வைத்துவிட்டான் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் கடையில் உட்கார்ந்தார், பெஞ்சில். அவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அறைகள் போய்விட்டால் மனைக்கும் சுவருக்கும் கூரைக்கும் ஏதோ கொடுப்பார்கள், அதைத் தின்று தீர்த்துவிட்டு எங்கே போவேன் என்று கேட்டார். ஆட்சேபணை விசாரணை இருக்கிறது, போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அதற்கு ஒப்புக்கொள்ள வைக்கவே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பையன்களையும் கூட்டிவந்து சொல்லச் சொல்ல வேண்டும் என்றதற்குத்தான் ஒப்பவே இல்லை.

"பசங்களுக்குத் தெரிஞ்சா அவனவன் தனக்குன்னு கேப்பான். அந்த மூல ரூம்காரன் மொதல்ல போயி நிப்பான். நா தனியா போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

மூச்சு விடவில்லை. அதற்காக இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன், ஆனால் மரகதக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு மீறுவதற்கு இந்தத் தெருவில் யாருக்கும் தைரியம் இல்லை.

விசாரணை நெடுஞ்சாலை ஓரக் கல்யாண மண்டபத்தில். முந்தின முகூர்த்தத்தின் பூ அலங்காரம் இன்னும் மேடையில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே மேஜை போட்டு அதிகாரி. பக்கத்தில் டேப்லெட்டோடு ஷாரோன். ஆட்சேபணை சொல்ல அன்றுதான் கடைசி நாள். என்னைத் துணைக்குக் கூட்டிப் போனார் மரகதக்கா. பட்டா நகலை நான் தொடக் கூடாது, ஆனால் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முறை வந்ததும் ஏறிப்போய் உள்ளதைச் சொன்னார். அறைகள் வாடகைக்குத்தான், அன்றைக்குப் பயந்து மாற்றிச் சொன்னேன், தங்கச்சி யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஆரம்பித்தார். உண்மை சொல்லிப் பழக்கமில்லாத இடத்தில் உண்மை சொல்வது பெரிய கஷ்டம் போலிருக்கிறது. அதிகாரி கெட்ட மனுஷர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்றார். இல்லை. ரசீது? இல்லை. போனில் வந்த வாடகை ஏதாவது? அதுவும் இல்லை. முதலில் உறவு என்றுவிட்டு, உதவி கிடைக்கும் என்று தெரிந்ததும் வாடகை என்று மாற்றிச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். குடியிருப்பவர்களில் ஒரே ஒருவர் நேரில் வந்து சொன்னால் போதும், பதிவை மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

மரகதக்கா என்னைப் பார்த்தார். யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கிறார் என்று புரிந்தது. யோசித்து முடிப்பதற்குள் மண்டப வாசலில் கம்பெனிச் சட்டையோடு அருள்பாண்டி நின்றான். ஷிப்டின் நடுவில் ஓடிவந்த வியர்வை. பெரியம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு உயிர் வந்தது. மரகதக்கா முகத்திலும் ஒரு வெளிச்சம், உடனே ஒரு சந்தேகம், பிறகு மறுபடியும் வெளிச்சம். ஏதோ சொல்லப் போனவரை அதிகாரி கையமர்த்தினார், அவனாகவே சொல்லட்டும் என்று. இந்த அம்மா உனக்கு யார், வாடகை எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டார்.

"எங்கம்மைக்குக் கூடப்பொறந்த அக்கா சார். வாடகைன்னு ஒரு ரூவா வாங்கினது கெடையாது. நாங்க பிள்ளைகள்லாம் சும்மாதான் இருக்கோம்."

"டேய், உண்மைய சொல்றா. நானே சொல்லிட்டேன்டா" என்றார் மரகதக்கா.

அவன் அவரைப் பார்த்தான். கலங்கிய கண், கையில் கசங்கிய பட்டா நகல், எதிரே மேஜை போட்டு அதிகாரி. அவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

"அவங்க பயத்துல சொல்லுதாங்க சார். வயசானவங்களை இப்படி மெரட்டாதீங்க. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன், இது எங்க பெரியம்மா வீடு."

நான் குறுக்கே வந்து, சார், நடந்தது என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். நீங்கள் யார் என்றார்கள். ஜெராக்ஸ் கடை என்றேன். கீழே போய் உட்காரச் சொன்னார்கள். அப்போது ஷாரோன் தயங்கித் தயங்கி அதிகாரியிடம் சொன்னது: "நான் தனியாவும் கேட்டுப் பார்த்தேன் சார். டீக்கடையில வச்சு, வாடகைன்னு சொன்னா உங்களுக்கும் உதவி கிடைக்கும்னு எவ்ளோ எடுத்துச் சொன்னேன். அப்பவும் இதேதான் சொன்னார்."

அந்தப் பெண் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னது. அதிகாரி பேனாவை மூடினார். குடியிருப்பவரிடமிருந்து எல்லா முறையும் ஒரே பதில் வந்திருப்பதால் பழைய பதிவே இருக்கட்டும் என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது மரகதக்காவின் கையை அருள்பாண்டிதான் பிடித்துக்கொண்டான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வெளியே வெயில். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர்களும் போய்க்கொண்டிருந்தன. அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்க பெரியம்மா. எத்தனை வாட்டி கேட்டாலும் என் வாயிலேருந்து வராது" என்றான். பாதி ஷிப்டில் வந்ததற்கு சூப்பர்வைசர் என்ன சொல்வானோ தெரியவில்லை, ஆனாலும் உங்களை மாட்டவிட முடியுமா என்றான்.

மரகதக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் செய்தது என்ன என்று இப்போது சொல்லப் போகிறார், தெருவே கேட்கிற மாதிரி கத்தப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நியாயம்தான். என் வாயிலேயே அது வந்து நின்றது. அவர் என் பக்கம் திரும்பி, சொல்லாதே என்று தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டார்.

"நல்லா சொன்னடா" என்றார்.