தங்கவயலில் பெண்கள் நின்ற இடம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாசகசாலையில் கோலார் தங்கவயலைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர் பொய் சொன்னார். "மாலையில் பெண்கள் பூ வைத்துக்கொண்டு சுரங்க வாயிலில் நின்று புருஷனை வரவேற்கிறார்கள். திருவிழாப் போல இருக்கிறது. நானே பார்த்தேன்" என்றார். அதைக் கேட்ட என் தம்பி, துணிக்கடை வேலையை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போகப் பெட்டி கட்டினான். நான் தடுத்தேன்.

"அண்ணே, அவரு கண்ணால பாத்துட்டுல்லா சொல்லுதாரு. நீங்க பாத்தியளா?"

பார்த்ததில்லை. ஒரு காரியமாக நான் பெங்களூர் போகவேண்டியிருந்தது. வழியில் ஒரு பகல் இறங்கிப் பார்த்து வருகிறேன், அதுவரை பொறு என்றேன். சம்மதித்தான்.

செங்கோட்டை, மதுரை, ஈரோடு வழியாக மூன்றாம் வகுப்பில் இடுப்பு ஒடிந்தது. காலை ஏழு மணிக்குப் பௌரிங்பேட்டையில் இறங்கிக் கிளை ரயில் ஏறினேன். சுமார் பத்து மைல், இரண்டணா. ஊர் நெருங்கியதும் சாம்பல் நிறக் குன்றுகள் தெரிந்தன. பொன்னை எடுத்தபின் கொட்டிய மண்ணாம். காற்றடித்தால் கண்ணிலும் சோற்றிலும் விழுகிறது.

"பொன் எங்கே?" என்று எதிரில் இருந்தவரைக் கேட்டேன்.

"அது வெள்ளக்காரனுக்கு. மண்ணு நம்மளுது, வேணுங்கிற மட்டும் எடுத்துக்கினு போங்க" என்றார்.

பகல் ஒரு மணிக்குத் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். சாப்பாடு இரண்டரை அணா. கடைக்காரி முனியம்மா. அவள் புருஷன் சுரங்கத்தில் இறங்கியிருந்தான்.

"எந்த ஊரு ஐயா?"

"திருவனந்தபுரம்."

"சமுத்திரம் கீற ஊராமே. அத்த வுட்டுட்டு இங்க இன்னாத்தப் பாக்க வந்தீங்க?"

நான் பதில் சொல்லுமுன் தரை அசைந்தது. குவளைத் தண்ணீர் தளும்பியது. நான் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடினேன். வேறு யாரும் ஓடவில்லை.

"உக்காருங்க. மேல ஒண்ணும் ஆவாது. அடியில சொரங்கத்துல பாறை தானா வெடிச்சி இடியுது" என்றார் பக்கத்து இலைக்காரர்.

முனியம்மா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். "ரசம் அங்க கீது, ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை. பின்னாலேயே போனேன்.

சுரங்க வாயில் வேலியோரம் ஐம்பது பெண்களாவது நின்றார்கள். காலையில் வைத்த கனகாம்பரம் தலையில் இருந்தது. யாரும் அழவில்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு மேலே வரும்போதெல்லாம் சில ஆண்கள் இறங்கினார்கள். புருஷனைக் கண்டவள்கூடச் சிரிக்கவில்லை. மற்றவர்கள் இன்னும் நிற்கிறார்களே.

"தினமும் வருவீர்களா?" என்று கேட்டேன்.

முனியம்மா கூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தினம் எதுக்கு? பூமி ஆடினாத்தான்."

நாலேகால் மணிக்கு அவள் புருஷன் வந்தான். "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டான். தலையசைத்தாள். இருவரும் நடந்தார்கள். நான் ஐந்து மணி ரயிலுக்குக் கிளம்பியபோது வேலியோரம் இன்னும் ஐந்து பெண்கள் நின்றார்கள்.

பெங்களூர்க் காரியம் முடிந்து ஊர் திரும்பித் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அவரு பாத்தது என்னதுண்ணே? அவரே சொல்லட்டும். பொறவு பெட்டிய அவுக்கேன்" என்றான். பெட்டி கட்டினபடியே இருக்கிறது.

பிரசங்கியாரே, நீர் பார்த்தது நிஜம், சொன்னது பொய். அன்று பூமி ஆடியதா? ஏன் நிற்கிறாய் என்று ஒருத்தியையாவது கேட்டீரா? கடைசிக் கூண்டு வரும்வரை நின்றீரா? வரும் ஞாயிற்றுக்கிழமை அதே வாசகசாலைக்கு வாரும். முன்வரிசையில் என் தம்பி இருப்பான். அவன் முகத்தைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லும்.