தோற்க வேண்டும் என்று கட்டியது

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மத்தியானத்திலிருந்தே ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால், தேரடி வீதி நகைக்கடைக்குப் போவதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். மகளுக்குக் காது குத்தும்போது போடத் தோடு வாங்கச் சொல்லி என் அப்பா பதினாலாயிரம் அனுப்பியிருந்தார். கீழ்பென்னாத்தூர் நிலத்தில் அந்தப் போகம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்று வந்ததிலிருந்து எடுத்தது. ஒரு நாள் அது என் கணக்கில் சும்மா கிடந்தது. அதனால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

என் கணவருக்கு அலுவலக நண்பர் ஒருவர் மூலம் ஒரு கிரிக்கெட் பந்தயத் தளத்தில் கணக்கு இருந்தது. நூறு, இருநூறு கட்டுவார், தோற்பார். சட்டப்படி தப்பு என்று இருவருக்கும் தெரியும். நான் முகத்தைச் சுளிப்பதோடு சரி. அன்று சாப்பிட்டு முடித்ததும் போனை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு அணிக்கும் எதிரே நீலத்தில் ஒரு கட்டம், பிங்க்கில் ஒரு கட்டம். பிங்க் எதற்கென்று தனக்குப் புரியவே இல்லை, படித்தவள் நீ பார்த்துச் சொல் என்றார். பி.காம். முடித்து, குழந்தை பிறக்கும்வரை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். பார்த்ததும் புரிந்துவிட்டது. அதில் கொஞ்சம் பெருமையும் வந்தது.

நீலத்தை அழுத்தினால் அந்த அணி ஜெயிக்கும் என்று கட்டுகிறோம். பிங்க்கை அழுத்தினால் ஜெயிக்காது என்று கட்டுகிறோம். அதற்குப் பெயர் லே. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் அந்த அணி ஜெயிக்கும் என்று வைக்கும் பணத்துக்கு நாம் பொறுப்பேற்கிறோம். தளம் இருவரையும் சேர்த்துவைத்துக் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அன்று ஆடிய சின்ன அணிக்கு எட்டு என்று விலை போட்டிருந்தது. எதிராளி இரண்டாயிரம் கட்டினால், அணி தோற்கும்போது அது நமக்கு. ஜெயித்துவிட்டால், எட்டில் ஒரு பங்கு அவர் கட்டியதே என்பதால், மீதி ஏழு மடங்கு, அதாவது பதினாலாயிரம், நாம் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைத் தளம் முன்கூட்டியே பூட்டிவைத்துவிடும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இன்சூரன்ஸ் மாதிரிதாங்க இது. பிரீமியம் கட்றது அவன். கம்பெனி நாம," என்றேன்.

கம்பெனியிடம் ஆயிரக்கணக்கில் பாலிசி இருக்கும், ஒன்று போனால் மற்றவை தாங்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாலிசி. அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. அப்பா பணத்தைப் போடலாமா என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் கடைக்குப் போவதற்குள் திரும்பி வந்துவிடும்தானே என்று மட்டும் கேட்டேன். அவர் பிங்க்கை அழுத்தினார்.

சின்ன அணி இரண்டாவதாக ஆடியது. முதலில் விக்கெட்டுகள் வரிசையாகப் போயின. பிறகு இரண்டு பேர் சேர்ந்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஜெயிக்கும் வாய்ப்பு கூடக் கூட விலை இறங்கும். எட்டாக இருந்தது ஐந்தாயிற்று, மூன்றாயிற்று. அப்போதுதான் அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, மேட்ச் பாக்கிறியா? என்னமா அடிக்கிறானுங்க பாரு. இன்னிக்குப் பெரிய டீமுக்கு ஆப்புதான்."

யார் ஆடினாலும் அப்பா சின்ன அணியின் பக்கம்தான். போனை வைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பவுண்டரிக்கும் சிரித்தார். அவர் பணத்தை வைத்துக்கொண்டே அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வேங்கிக்கால் சாலையில் கிரிவலத்துக்கு ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவன் அவுட்டாக வேண்டும் என்று சாமியை வேண்டினேன்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். விலை இரண்டுக்கு வந்திருந்தது. அதே அணி ஜெயிக்கும் என்று இப்போது எட்டாயிரம் கட்டினால், யார் ஜெயித்தாலும் ஆறாயிரம் நஷ்டத்தோடு நின்றுவிடும். பூட்டிய பணமே அதற்கு ஈடு, புதிதாகப் போட வேண்டியதில்லை. கணக்கைச் சொன்னேன். இன்னொரு விக்கெட் விழட்டும், பொறு என்றார் கணவர்.

"தோடு மொத்தமா போயிடும்ங்க. கட்டுங்க."

என் குரலைக் கேட்டு, தரையில் கலர் அடித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கட்டினார்.

அடுத்த ஓவரிலேயே இருவரும் அவுட். சின்ன அணி தோற்றது.

அவர் கோபப்படவில்லை. "கம்பெனி இன்னும் ஒரு ஓவர் பொறுத்திருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

அப்பா மறுபடி கூப்பிட்டார். "கடைசில விட்டுட்டானுங்கம்மா," என்று அலுத்துக்கொண்டு, தோடு வாங்கியாயிற்றா என்று கேட்டார். பௌர்ணமிக் கூட்டம், நாளைக்குத்தான் போகிறோம் என்றேன். நல்ல கனமாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

எட்டாயிரமாவது மிஞ்சியதே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் கணக்குதான் ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினாறாயிரம் ஆகியிருக்கும், கமிஷன் போனாலும் கொஞ்சம்தான் கம்மி. பணத்தைப் போட்டதற்கு வெட்கப்படாமல், எடுத்ததற்கு நொந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை ஜாஸ்தி என்றார் அவர். நானும் கடைக்குக் கிளம்பவில்லை. எட்டாயிரமும் இன்னும் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. குழந்தைக்குக் கொஞ்சம் சளி, சரியானதும் காது குத்துகிறோம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.