ஐரிஷ் பெட்டி இடம் மாறிய பக்கம்

1. அனுப்பிய பிறகு

வேறொரு பக்கத்தைத் தேடும்போதுதான் அந்தத் தவறு கண்ணில் பட்டது. அதற்குள் கோப்பு லண்டன் பதிப்பகத்துக்குப் போய்விட்டது. மறுநாள் அச்சு.

அது பள்ளிப் பிள்ளைகளுக்கான மொழிப் பாடநூல். கெல்டிக் மொழிகளில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ் மூன்றும் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் இன்னொரு கிளை. பத்தி அப்படித்தான் சொன்னது. பக்கத்திலிருந்த கிளைப்படத்தில் ஐரிஷ் என்று எழுதிய பெட்டி வெல்ஷ் பக்கம் இருந்தது.

அச்சுக்குப் பக்கங்களை அமைத்துத் தரும், திண்டுக்கல்லில் உள்ள எங்கள் டைப்செட்டிங் யூனிட்டில் பத்தியை நான் சரிபார்ப்பேன். படத்தை ரபீக் அண்ணன் வரைவார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல.

"ஸ்காட்டிஷ் கேலிக்னு பேரு நீளமா இருந்துச்சும்மா. மார்ஜினத் தாண்டுது. வெல்ஷ் பக்கம் இடம் கெடந்துச்சு, ஐரிஷத் தூக்கி அங்க வச்சுட்டேன்" என்றார் அண்ணன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இடமிருக்குன்னு மாப்பிள்ள வீட்டு ஆள பொண்ணு வீட்டுப் பந்தியில உக்கார வச்ச கதையா போச்சு" என்றார். சிரிக்கவில்லை.

அந்த மாதம் ஏற்கெனவே ஒரு படம் தவறென்று திரும்பி வந்திருந்தது. இன்னொன்று தப்பானால் படவேலையை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று பதிப்பகம் எழுதியிருந்தது. அண்ணனுக்குத் தெரிந்தது படவேலை மட்டும்தான்.

2. போனில் முதலாளி

முதலாளி ஆயக்குடியில் ஒரு விசேஷத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

"ஏம்மா ஜெனி, அயர்லாந்துக்காரன் திண்டுக்கல்லு வந்து சண்ட போடப்போறானா? செத்த நேரம் சும்மா இரு."

"சார், அங்க ஒரு பிள்ளை அதைப் பரீட்சையில எழுதும்."

"நாமளா சொன்னா வேல போயிரும். ரபீக்குக்கு நீயா பதில் சொல்லுவ?"

போனை வைத்தேன். பதிப்பகத்துக்கான மின்னஞ்சலை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருத்திய படம் அவர் திரையில் தயாராக இருந்தது.

"அனுப்புத்தா. என் பேரையும் போடு."

பேரைப் போடவில்லை. தவறு எந்த வழியில் நுழைந்தது, எங்கள் வேலைமுறையில் எந்த இடத்தில் சரிபார்க்க ஆளே இல்லை என்று நான்கு வரிகள் எழுதினேன். முதலாளியை மறுபடி அழைத்து, வாசித்துக் காட்டினேன்.

"ஓட்ட நம்ம முறையிலதான். அனுப்பு. நாளைக்கு வாரேன்" என்றார்.

3. பிறகு

பதிப்பகத்தார் அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகாமல் நிறுத்தித் திருத்தினார்கள். சொன்னபடி படவேலையையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் அண்ணன் காலியான திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க, சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

அதன்பின், என் நான்கு வரிகளைச் சுட்டி, அதே பதிப்பகம் கேட்டது: வேறு ஊர்களில் வரையும் படங்களைப் பத்தியோடு வைத்துப் பார்த்துத் தர முடியுமா?

இப்போது அண்ணன் என் பக்கத்து இருக்கையில். நான் பத்தியை வாய்விட்டு வாசிப்பேன். அவர் படத்தின் மேல் விரலை நகர்த்துவார். யூனிட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் அப்படியே செய்யுங்கள். படம் பத்தியோடு பொருந்தாமல் விரல் நின்றுவிட்டால், கோப்பும் அங்கேயே நிற்க வேண்டும்.