தாளிக்காத நாட்கள்

அரைத்த கடலைப்பருப்பில் சோம்பையும் வெங்காயத்தையும் பிசைந்து, காய்ந்த எண்ணெயில் தட்டிப் போட்டதும் எழும்புமே ஒரு வாசனை, என் சிறுவயதில் அதுதான் மாலை நாலு மணி. எங்கள் வீட்டிலும் ஒரு கடிகாரம் இருந்தது. நைனா அதற்குச் சாவி கொடுக்க மறந்துவிடுவார் என்பதால் அதை யாரும் நம்புவதில்லை. செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடும் ஜைத்தூன் பெரிம்மாவின் வீடும் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சுவர் ஓட்டுக் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டதால், பேச்சு, புகை, வாசனை எல்லாம் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன. பெரிம்மா வடை சுடுவார். அவர் வீட்டுக்காரர், ஊரே ‘வடை பாய்’ என்று கூப்பிட்டவர், அதை அலுமினியத் தட்டில் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திண்டிவனம் பஸ்ஸிலும் திருவண்ணாமலை பஸ்ஸிலும் ஜன்னல் ஜன்னலாக விற்றுவிட்டு வருவார். அந்த எண்ணெய்ச் சட்டியை நம்பித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அறுபதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், பங்குனி மாதத்தில் எனக்கு ‘மணல்வாரி’ கண்டது. தட்டம்மை என்று பாடப்புத்தகம் சொல்லும் பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்ததுதான். மணலை வாரி மேலே இறைத்தாற்போல உடம்பெல்லாம் சிவப்புப் பொரி பொரியாகக் கிளம்பும், அதனால் அந்தப் பெயர். அப்போதெல்லாம் அதை நோய் என்று யாரும் வாய்தவறியும் சொல்லமாட்டார்கள். ‘அம்மா வார்த்திருக்குது’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. கண் இரண்டும் சிவந்து வீங்கி, பீளை கட்டி, இமையோடு இமை ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்குக் காய்ச்சலைவிடக் கண்ணைப் பற்றித்தான் பயம். எங்கள் தெருக்கோடியில் தையற்காரர் மகள் ஒருத்திக்கு இதே மணல்வாரியில் ஒரு கண்ணில் பூ விழுந்து, அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. அவளைப் பார்த்த நாள் முதல் அந்த பயம் அம்மாவின் வயிற்றில் கிடந்திருக்க வேண்டும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் காய வைக்கக் கூடாது, அந்தக் காந்தல் பட்டால் பிள்ளையின் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அதனால் என்னை உள்ளறையில், அம்மாவின் பழஞ்சேலையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்ததோடு, எங்கள் அடுப்பில் தாளிப்புக் கரண்டிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார். பிரசவம் பார்க்கத் தெருவுக்கு வந்த நர்சம்மா வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, “அம்மாவே வந்திருந்தாலும் சரி, புள்ளைக்குத் தண்ணி மட்டும் விடாம குடுத்துக்கினே இரு, கொதிச்சு ஆறுன தண்ணில கண்ணத் தொடச்சி வுடு, ஒரு கண்ணுக்கு வெச்ச துணிய இன்னொரு கண்ணுக்கு வெக்காதே” என்று சொல்லிவிட்டுப் போனதை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். இளநீர், மோர், ஆறிய கேழ்வரகுக் கூழ் என்று மாறி மாறி ஊட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளைத் துணித் துண்டுகளை வேகவைத்துக் காயப்போட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக அவர் கண்ணைத் துடைத்துவிட்ட அந்த விரல்களின் பதத்தை இன்றைக்கும் என் இமை மறக்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அம்மை கண்ட பிள்ளை எதைக் கேட்டாலும் ஆத்தாளே கேட்கிறாள் என்பது கணக்கு. நேற்றுவரை ‘கழுத’ என்று கூப்பிட்ட அம்மா, “தாயே, இன்னா வேணும் தாயே, சாந்தமா எறங்கிப் போயிடும்மா” என்று கும்பிடத் தொடங்கியதும் எனக்கு உள்ளூர நடுக்கம் கண்டுவிட்டது. எதையாவது சொல்லப்போய் அது அருள்வாக்கு ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

கண் ஒட்டிக்கிடந்ததால் பொழுது போவது எனக்கு மூக்கால்தான் தெரிய வேண்டும். முதலில் சளி அடைத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. சளி இறங்கி மூச்சு சீராக வந்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை! பெரிம்மா வீட்டில் மத்தியானம் குழம்பு தாளிக்கும் வாசனை இல்லை. நாலு மணி வாசனையும் இல்லை. பஸ் வந்து நிற்கும் ஹாரன் சத்தம் கேட்கிறது, பாயின் இருமல் கேட்கிறது, வடை மட்டும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கண்ணைத்தான் மூடி வைத்தாள் ஆத்தா, இப்போது மூக்கையும் பிடுங்கிக்கொண்டாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். தலைமாட்டில் கிடந்த வேப்பிலை கூடவே கிடந்து கிடந்து பழகிப்போய்விட்டதால் அதன் வாசனையும் எனக்குக் கணக்கில் வரவில்லை. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் ஒரு காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினேன்.

“எம்மா, எனக்கு மூக்கும் பூடுச்சா?”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. வடை வாசனை வரவில்லை என்று நான் விளக்கியதும், சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பெரிம்மா, கொல்லை வழியாக ஓடிவந்தார். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் மணல்வாரி வந்து போயிருந்ததால் என் கிட்டே வர அவருக்குத் தயக்கமில்லை.

“உன் மூக்குக்கு ஒரு கொறையும் இல்ல கண்ணு. நாந்தான் எண்ணெச் சட்டியே வெக்கல. இந்தா, இத மோந்து பாரு.”

ஏதோ ஈரமாக என் மூக்கடியில் வந்து நின்றது. மழை பெய்த வயல் மாதிரி மண் வாசனை, அதற்குள்ளிருந்து பச்சையாக, பால் பிடித்த பருப்பின் வாசனை. “மல்லாட்ட!” என்று கத்தினேன். பக்கத்து ஊரான சிங்கவரத்து வயற்கொல்லையில் அன்று காலைதான் பிடுங்கி, மண்ணோடு வந்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சில நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாய், வடைக்குப் பதிலாக இதை வேகவைத்து விற்கலாம் என்று ஒரு மூட்டை எடுத்து வந்திருந்தார். வேகவைக்க எண்ணெய் வேண்டாம், தாளிப்பும் வேண்டாம்.

எண்ணெய் வைக்காதீர்கள் என்று என் வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கலாமா என்று அம்மா நைனாவிடம் கிசுகிசுத்ததும், “அவங்க பொழப்புல போயி எப்பிடிக் கை வெக்கறது” என்று நைனா தடுத்ததும் எனக்கே கேட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகிய அன்றே பெரிம்மா தானாகச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருக்கிறார்.

“உங்களுக்கு இதுல நம்பிக்க கூட கெடையாதேக்கா” என்றார் அம்மா.

“எனக்கு இல்லன்னா இன்னா சாரதா, உனக்கு இருக்குதில்ல? நீ இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கினு உக்காந்திருக்கசொல்ல, நான் அங்க எண்ணெய காய வெச்சா எனக்கு சோறு எறங்குமா?”

அது மட்டுமில்லை. அன்றிலிருந்து அம்மா குளிக்கவும் சமைக்கவும் எழுந்த நேரமெல்லாம் பெரிம்மாதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, அரிக்கும் இடத்தில் வேப்பங்கொழுந்தால் நீவிவிட்டார். நர்சம்மா சொன்னபடி, ஒரு கண்ணுக்கு ஒரு துணி.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வெயிலில் வைத்துச் சூடேறிய வேப்பிலைத் தண்ணீரை ஊற்றி, துவட்டி, அம்மா என்னைக் கொல்லையில் செஞ்சிக் கோட்டை மலையைப் பார்க்க நிறுத்தினார். கண்ணை முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஒரு கண்ணைப் பொத்தினார்.

“மலமேல இன்னா தெரியுது சொல்லு.”

வெளிச்சம் கூசியது. தண்ணீர் வழிந்தது. நான் பதில் சொல்லத் தாமதித்ததும் அம்மா இன்னொரு தரம் கேட்டார்.

“மண்டபம் தெரியுது. பக்கத்துல கோட்ட மதிலு.”

கையை மாற்றி அடுத்த கண்ணைப் பொத்தினார். அதிலும் மண்டபம் தெரிந்தது. அம்மா அப்படியே துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்துச் சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

“சாரதா, நீ தாளிச்சிட்டியா? நான் சட்டி வெக்கட்டா?”

அம்மா எழுந்து ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் வீட்டுக் கடுகு வெடித்த பிறகுதான் அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தது. அன்றைய முதல் ஈட்டு வடை எனக்குத்தான் வந்தது. காரம் ஆகாது என்று அம்மா அதை என் மூக்குக்கு மட்டும் கொடுத்தார்.

இப்போது அந்த இரண்டு வீடும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மாடிக் கட்டடம் நிற்கிறது. சுவர்களெல்லாம் கூரை வரை ஒழுங்காக எழும்பியிருக்கின்றன. பெரிம்மாவும் பாயும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. என் பேரப்பிள்ளைகளுக்கு மணல்வாரி என்றால் என்னவென்றே தெரியாது. ஊசி போட்டு அதை விரட்டிய புண்ணியவான்களுக்கு நான் கடன்பட்டவள்தான், அந்தத் தையற்காரர் மகளை நினைக்கும்போதெல்லாம் இன்னும் அதிகமாக. வாசனையால் கண் போகாது என்பதும் தெரியும். கண்ணைக் காப்பாற்றியது கொதித்து ஆறிய தண்ணீரும், விடாமல் ஊட்டிய கூழும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும்தான்.

போன மாதம் எங்கள் சென்னைக் குடியிருப்பில், எதிர் வீட்டு வடநாட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை. லிப்ட்டில் குழந்தையின் தாய், அந்தச் சின்னப் பெண், சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு என் கை தாளிப்புக் கரண்டிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. சில நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்த என் மகன் ரசத்தைத் துழாவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அம்மா, எதிர் வீட்டுல அவங்களே பூரி சுடறாங்க, வாசனை இங்க வரைக்கும் வருது. நீ யாருக்காகத் தாளிக்காம இருக்கே?”

“ஜைத்தூன் பெரிம்மாவுக்காக” என்றேன்.

அவன் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த ரசத்தையே எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டான்.