வெதுவெதுன்னு இருந்த சாம்பார்

போன வெள்ளிக்கிழம எங்க தேயிலத் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா. எல்லாரும் சாமியப் பாத்தாங்க. நான் மட்டும் சாம்பார் அண்டாவப் பாத்துக்கிட்டே நின்னேன்.

ஏன்? சொல்றேன்.

நான் வாயால சொல்ல, என் மருமகதான் இத எழுதி ஒங்களுக்கு அனுப்புறா. எனக்குக் கையெழுத்தே வராது. ஆனா என் மக வயித்துப் பேத்தி சுகந்தி இருக்காளே... அவ பதுளை டவுன்ல ஒரு லேப்ல ஆராய்ச்சி பண்றா. சாப்பாட்டுல வர்ற கிருமியப் பத்தி. பாக்டீரியாவாம். குட்டிக் குட்டித் தட்டுல அதுகளுக்குத் தீனி வச்சு வளக்குறாளாம். எங்கம்மா ஆடு வளத்துச்சு, நான் மாடு வளத்தேன், பேத்தி கிருமி வளக்குறா. இத நான் யாருகிட்ட சொல்லாம விட்டேன்? பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்தவங்ககிட்ட கூட சொல்லியாச்சு.

பெருமைதான். ஆனா அவ லீவுக்கு வந்தா எனக்கு ஒதறல். தேங்கா சம்பல மோந்து பாப்பா. மீன் வெட்டுன கத்திய எங்க வச்சீங்கன்னு கேப்பா. சொந்தக் குசினியில திருடி மாதிரி நிப்பேன்.

சரி, அண்டாவுக்கு வர்றேன்.

அன்னைக்கு விடியக்காலமே சாம்பார் ரெடி. தேரு வந்து பூச முடிஞ்சாதான் அன்னதானம். தேரு பேக்டரி வாசலுக்கு வந்ததும் ஒலையில அரிசி போடலாம்னு பேச்சு. ஆனா மழை புடிச்சுக்கிச்சு. தேர இழுத்துக்கிட்டு வந்த டிராக்டரு கீழ சேத்துல எறங்கிருச்சு. எளவட்டங்க பூரா தள்ளப் போயிட்டாங்க. லயத்து வரிச வீட்டுப் புள்ளைங்க எல்லாம் தட்டோட குந்தியிருக்குதுங்க. சாம்பாரு எறக்கி, சூடம் காட்டி, மூடி அப்புடியே இருக்கு.

சுகந்தி வந்தா. பையில இருந்து சூடு பாக்குற ஊசி மாதிரி ஒண்ண எடுத்து அண்டாவுல விட்டுப் பாத்தா. மூஞ்சி மாறிப்போச்சு.

"இன்னும் வெதுவெதுன்னுதானே இருக்கு கண்ணு"ன்னேன்.

"அதுதான் அம்மாயி பயமே."

கொதிக்க வச்சாலும் சில கிருமி வெதையாட்டம் சுருண்டு கெடக்குமாம். வெதுவெதுப்பு வந்ததும் முழிச்சு, பெருக ஆரம்பிச்சிருமாம். வெதுவெதுப்புன்னா நமக்கு என்னங்க? கைப்புள்ளைக்கு ஊத்துற தண்ணி, சீக்காளிக்குக் குடுக்குற கஞ்சி... பாசம்னாலே அந்தச் சூடுதானே? அதுலயா வந்து ஒளிஞ்சிருக்கும்?

வாசன மாறுமான்னு கேட்டேன். மாறாதாம். ருசி? அதுவும் மாறாதாம். பாலு திரிஞ்சா தெரியுது, மீனு கெட்டா மூக்குக்குத் தெரியுது. இது ஒரு வார்த்த சொல்லாம வயித்துக்குள்ள எறங்குமாம். இதுக்கு மேல என்ன பயம் வேணும்?

இப்பதான் வெதுவெதுப்புக்கு எறங்கியிருக்கு, ஒடனே அடி வரைக்கும் தளதளன்னு கொதிக்க விட்டா புள்ளைங்களுக்குக் குடுக்கலாம், இன்னும் நேரம் விட்டா கொட்டத்தான் வேணும்னு சுகந்தி சொன்னா.

கோயில் தலைவரு முருகையா அண்ணன்கிட்ட போனோம். மனுசன் மொறைச்சாரு. எறக்கி சூடம் காட்டுனா அது ஆத்தாளுக்குன்னு ஆயிருச்சு, திரும்ப அடுப்புல ஏத்துறது இந்தத் தோட்டத்துல வழக்கமே இல்லயாம். பேத்தி பாக்டீரியான்னு ஆரம்பிச்சா. அவரு, "ஒங்க பாட்டன் இந்த அண்டாவுல சாப்புட்டுத்தான்மா வளந்தாரு"ன்னு வாய அடைச்சுட்டாரு. அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் புள்ளைங்க கையில இருந்த தட்டுகளப் பாத்தேன். யாருக்காச்சும் ராத்திரி வாந்தியெடுத்தா, மழையில அந்த ரோட்டுல ஆஸ்பத்திரிக்கு எப்புடித் தூக்குறது?

எனக்கு என்ன தோணுச்சோ, "அண்ணே, ஆத்தா மழையில நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வர்றா. வீட்டுக்கு வர்றவளுக்கு ஆறிப்போனதையா வைப்பீங்க?"ன்னு கேட்டேன்.

அவரு மழை கொட்டுற மானத்தப் பாத்தாரு. அப்பறம் அவரே வெறகு எடுத்து வச்சாரு. தேரு வர்ற வரைக்கும் தீ அணையவே இல்ல.

எல்லாரும் வயிறு நெறைய சாப்புட்டாங்க. நான் ஒரு வாய் எறக்கல.

மறுநாளு பூரா லயத்துக் கக்கூசு பக்கமே என் கண்ணு. யாரு போறா, யாரு ஓடுறான்னு. பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மா வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனா பாருங்க... எனக்கு உசிரே போயிருச்சு. வழி மறிச்சு, வயிறு எப்புடிடின்னு கேட்டேன். "பைப்புல தண்ணி நிக்கப் போகுதுக்கா, வழி விடு"ன்னுட்டு ஓடுனா.

ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

அண்டா கொதிக்க வைக்காட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காதோ என்னமோ. யாரு கண்டா? சுகந்திகிட்ட கேட்டேன். சிரிச்சா. "எங்க வேலையே அப்புடித்தான் அம்மாயி. நடக்காததுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டாங்க"ன்னா. நெசந்தான். நாலு பேரு விழுந்திருந்தா வருசக்கணக்கா பேசுவாங்க. யாரும் விழாதத யாரு பேசுறா?

நேத்து முருகையா அண்ணன் வழியில நிறுத்தி, ஒங்க பேத்தியால இந்த வருசம் சாம்பாரு தீஞ்சு போச்சுன்னாரு.

"ஆமாண்ணே, சாம்பாருதான் தீஞ்சு போச்சு. ஒருத்தருக்கும் வயித்தால போகலையே"ன்னேன்.